தடைக்காலம் முடிந்து திரும்பும் சைக்கிள் வீரருக்குக் கைதட்டலாமா? டேவிட் மில்லரை முன்வைத்து ஒரு கேள்வி

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மகளும் பழைய சைக்கிள் பந்தயங்களின் ஒளிப்பதிவுகளைப் பார்த்து வருகிறோம். அவளுக்கு 15 வயது. விடுமுறை நாட்களில் விடியுமுன்பே கிளம்பி, நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து நிற்பவள். ஆகவே பந்தயத்தில் யார் எப்போது வேகம் கூட்டினார், யார் யாருடைய முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிக்கொண்டார் என்பதையெல்லாம் என்னைவிட அவளே நன்றாகக் கவனிக்கிறாள்.

சென்ற வாரம் 2018இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த உலகச் சாலைப் பந்தயத்தைப் பார்த்தோம். 258 கிலோமீட்டர் தூரம். கடைசியில் நால்வர் மட்டும் சேர்ந்து வந்தார்கள். அவர்களில் 38 வயதான ஸ்பெயின் வீரர் அலெஹாந்த்ரோ வால்வெர்தே முன்னால் இருந்தபடியே வேகத்தைக் கூட்டி, மற்ற மூவரையும் நெருங்க விடாமல் எல்லையைக் கடந்தார். அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன் பீட்டர் சாகனே மேடையேறி அவருக்குப் பதக்கம் அணிவித்தார். வால்வெர்தே அழுதார்; கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போதுதான் நான், இவர் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஊக்கமருந்து வழக்கில் தடைசெய்யப்பட்டிருந்தவர் என்று சொன்னேன். மகள் திரையை நிறுத்திவிட்டு, "அப்படியானால் இத்தனை பேர் ஏன்ப்பா கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவளுக்குச் சொல்வதற்காகத் தேடியபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஸ்காட்லாந்து வீரர் டேவிட் மில்லர். 2000ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் முதல் நாளிலேயே, மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் ஜெர்சியை அணிந்தவர். 2004இல், ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ என்ற மருந்தைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டு இரண்டு ஆண்டுத் தடை பெற்றவர். 2006இல் திரும்பி வந்து, 2014 வரை பந்தயத்தில் இருந்தவர். திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு. வால்வெர்தேக்குக் கிடைத்த மரியாதை வேறு. இருவருக்கும் தண்டனைக் காலம் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒருவரை மனமார ஏற்கவும் மற்றவரைத் தயக்கத்தோடு பார்க்கவும் எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? தண்டனையை அனுபவித்து முடித்தவரிடம் பார்வையாளன் மேற்கொண்டு எதையாவது எதிர்பார்க்கலாமா? ஐரோப்பியப் பந்தயங்களை நீண்ட காலமாகப் பின்தொடரும் நண்பர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் பொய் கலக்காமல் சொல்லக்கூடிய பதில் வேண்டும்.


நீள்சாலை எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. மில்லரின் கதையை அடியிலிருந்து சொன்னால்தான் பதில் விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில்லர் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை. 2003இல் கனடாவின் ஹாமில்டனில் அவர், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓடி நேரத்தை ஒப்பிடும் தனிநேரப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனபோதும் அவருடைய மாதிரியில் எதுவும் அகப்படவில்லை. 2004 ஜூன் மாதத்தில், பிரான்சின் பியாரிட்ஸ் அருகே ஓர் உணவகத்தில் பிரிட்டன் சைக்கிள் அமைப்பின் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டுடன் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய கோஃபிடிஸ் அணியைப் பற்றி விசாரித்துவந்த பிரெஞ்சுப் போலீசார் உள்ளே வந்து அவரைப் பிடித்தார்கள். வீட்டைச் சோதித்தபோது புத்தக அலமாரியில் பயன்படுத்திய ஊசிக்குழல்கள் இரண்டு கிடைத்தன. காவலில் வைத்து விசாரித்தபோது, 2001லும் 2003லும் ஈபிஓ எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். உலகப் பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாம் இடம் பெற்றிருந்த ஆஸ்திரேலியர் மைக்கேல் ராஜர்சுக்குப் போனது. அணி அவரை நீக்கியது. அந்த இரண்டு ஆண்டுகளில் வீடு போனது, குடி பிடித்தது என்று 2011இல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

தடை முடிந்தது 2006 ஜூன் கடைசியில். ஒரு வாரத்தில் ஸ்ட்ராஸ்பூரில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. ஸ்பெயினின் சோனியே துவால் அணியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒரு பந்தயம்கூட ஓட்டாதவர், உலகத்திலேயே கடினமான மூன்று வாரப் பந்தயத்தில் நேராக வந்து இறங்கினார். அதுவும் எப்படிப்பட்ட வேளையில் என்று பாருங்கள். தொடக்கத்துக்கு முந்தைய நாள், வீரர்களுக்குப் பிறகு ஏற்றுவதற்காக ஸ்பெயினில் ஒரு மருத்துவர் சேமித்து வைத்துச் சிக்கிய ரத்தப் பைகளின் விவகாரத்தால், பட்டம் வெல்லக்கூடியவர்கள் என்று பேசப்பட்ட யான் உல்ரிக்கும் இவான் பாசோவும் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டு வென்ற ஃபிளாய்ட் லாண்டிஸும் பிறகு பரிசோதனையில் சிக்கிப் பட்டத்தை இழந்தார். மில்லர் திரும்பி வந்த இடம் திருந்திய இடமாக இல்லை.

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 2007 ஜூலை 24, டூரின் ஓய்வு நாள். இடம் பிரான்சின் போ (Pau) என்ற நகரம். மில்லர் செய்தியாளர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாட்களுக்கு முன் ஆல்பியில் தனிநேரப் பந்தயத்தை வென்ற கசகஸ்தான் வீரர் அலெக்சாண்டர் வினோகுரோவ், பிறருடைய ரத்தத்தை ஏற்றிக்கொண்டதாகப் பரிசோதனையில் தெரியவந்த செய்தி அங்கேயே வருகிறது. மில்லருக்கு மிகவும் பிடித்த வீரர் அவர். பேசிக்கொண்டிருந்தவருக்குக் குரல் உடைந்து கண் கலங்கியதைப் பதிவில் பார்க்கலாம். ஏமாற்றியவன் எப்படி இருப்பான் என்பதை உள்ளிருந்து அறிந்த ஒருவர், ஏமாற்றப்பட்டவனின் பக்கம் உட்கார்ந்து அதை முதன்முறையாக அனுபவித்த கணம் என்றுதான் அதைப் பார்க்கிறேன்.

2008இல் அவர் ஜோனதன் வாட்டர்ஸ் நடத்திய அமெரிக்க அணியில் சேர்ந்தார்; அதில் பங்குதாரராகவும் ஆனார். வெளியாரை வைத்துத் தங்கள் வீரர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் தாங்களே தொடர்ந்து பரிசோதித்துக்கொண்ட அணி அது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விளையாட்டு வீரர் குழுவிலும் மில்லர் பணியாற்றினார். வால்வெர்தே விஷயத்தில் நடந்தது வேறு. அந்த ஸ்பெயின் மருத்துவரிடம் கைப்பற்றப்பட்ட ஒரு ரத்தப் பையில் இருந்த ரத்தமும், 2008 டூர் இத்தாலிக்குள் நுழைந்தபோது அவரிடம் எடுத்த மாதிரியும் மரபணுச் சோதனையில் ஒத்துப்போயின. அவர் மேல்முறையீடு செய்தார், தோற்றார், தடையைக் கழித்தார், திரும்பினார். 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் திரும்பிய முதல் பந்தயத்திலேயே, வில்லங்கா மேட்டில் முடிந்த கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றார். அந்த ரத்தம் அங்கே எப்படிப் போனது என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

விதிகளின்படி இருவரும் சமம். விதி கேட்பது காலத்தை மட்டும்; நடந்ததைச் சொல் என்று அது வற்புறுத்துவதில்லை. நீங்கள் எதிர்பார்க்கலாமா என்றால், எதிர்பார்க்கலாம் என்பேன். சொன்னவரை நம்புவதற்கு உங்களிடம் ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. சொல்லாதவரிடம் நீங்கள் பார்ப்பது அவருடைய கால்களை மட்டும்தான்.


குருதியணு எழுதியது:

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். மேலே நண்பர் மனசாட்சியைப் பற்றி எழுதிவிட்டார். உடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் அடுத்து அதைத்தான் கேட்பாள்: தடை முடிந்து வரும்போது அந்த மருந்தின் பலன் உடம்பில் மிச்சம் இருக்குமா?

ஈபிஓ என்பது நம் சிறுநீரகங்கள் தாமாகவே சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் உயிர்வளி குறைந்தால் அது கூடுதலாகச் சுரந்து, எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. ரத்தசோகை நோயாளிகளுக்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அதே பொருளைச் சைக்கிள் வீரர்கள் 1990களில் போட்டுக்கொண்டார்கள். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் உயிர்வளி கூடும். மலையேற்றத்தில் மூச்சு வாங்கிப் பின்தங்க வேண்டிய நேரம் தள்ளிப்போகும். ஆனால் ரத்தம் கெட்டியாகும், உறையும் ஆபத்தும் கூடவே வரும். அப்போது ஈபிஓவை நேரடியாகக் கண்டறியும் பரிசோதனை கிடையாது. ஆகவே 1997இல் சர்வதேச சைக்கிள் ஒன்றியம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வீரர் பந்தயத்தில் ஓடக் கூடாது என்று மட்டும் விதித்தது. 49இல் நின்றுகொண்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. சிறுநீரில் கண்டறியும் முறை 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகும், மருந்து எடுத்த சில நாட்களுக்குள் மாதிரி எடுத்தால்தான் அகப்படும். மில்லர் சிக்காமல் போனதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஆக, ஈபிஓவால் கூடிய அணுக்கள் சில மாதங்களில் கழிந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்து வந்தவரின் ரத்தத்தில் அவற்றில் ஒன்றுகூட இருக்காது. தசையை வளர்க்கும் மருந்துகளின் கதை வேறு. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, தசை பழைய அளவுக்குச் சுருங்கிய பிறகும், மருந்தால் கூடிய உட்கருக்கள் தசை நார்களில் அப்படியே இருந்தன. மீண்டும் பளு கொடுத்தபோது அந்த எலிகளின் தசை 6 நாட்களில் சுமார் 30 விழுக்காடு வளர்ந்துவிட்டது. மூன்று மாதம் என்பது எலியின் ஆயுளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் 2015 முதல் வேண்டுமென்றே செய்யும் குற்றங்களுக்குத் தடை நான்கு ஆண்டாக உயர்ந்ததை நான் வரவேற்கிறேன்.

2008 முதல் ஒன்றியம் ஒவ்வொரு வீரருக்கும் ரத்த வரலாற்றைத் தொகுத்து வைக்கிறது. பொது வரம்பு ஒன்றை எல்லோர் மீதும் வைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரே ஆளின் ஹீமோகுளோபினும் இளம் சிவப்பணுக்களின் அளவும் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் முறை இது. எங்கள் கூடத்தில் நீரிழிவு நோயாளியின் பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு புதிய அளவைப் படிப்போமே, அது போலத்தான். மருந்து வெளியேறிய பிறகும் அது விட்டுச்சென்ற தடம் அட்டையில் தெரியும். பொதுவாகத் தடையில் இருப்பவரும் பரிசோதனைக்கு உட்பட்டவரே. பரிசோதகர் எப்போது வந்தாலும் பார்க்கக்கூடிய ஒரு மணி நேரத்தையும் இடத்தையும் நாள்தோறும் தெரிவித்தாக வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம்.


யமுனைத்துறை எழுதியது:

நான் 2010இல் வேலை நிமித்தம் டெல்லியில் இருந்தேன். காமன்வெல்த் விளையாட்டில் சைக்கிள் தனிநேரப் பந்தயம் அக்டோபர் 13ஆம் தேதி நொய்டா விரைவுச்சாலையில் நடந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மக்கள் மிகக் குறைவு. காவலுக்கு நின்ற போலீசார்தான் அதிகம் என்று சொல்ல வேண்டும். வெயில் தாரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது.

தனிநேரப் பந்தயத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுத்தான் வருவார்கள். பலரும் வரும்போது தோள் அசைவதையும், தலை ஆடுவதையும், வாய் திறந்திருப்பதையும் பார்த்தேன். மில்லர் வந்தபோது முதலில் கேட்டது ஒலிதான்: மூடிய பின்சக்கரம் எழுப்பும், மத்தளத் தோலை உள்ளங்கையால் தேய்த்தது போன்ற ஒரு முழக்கம். இடுப்புக்கு மேலே எதுவும் அசையவில்லை. முதுகில் ஒரு தட்டை வைத்திருந்தால் விழாமல் வந்திருக்கும். கீழே கால்கள் மட்டும் வேறு யாருடையவோ போலச் சுழன்றன. 40 கிலோமீட்டரை 47 நிமிடத்துக்குச் சற்று மேலே எடுத்து முடித்துத் தங்கம் வென்றார். அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். மூன்று நாட்களுக்கு முன் நடந்த சாலைப் பந்தயத்தில் வெண்கலமும் பெற்றிருந்தார்.

அவர் யார் என்பது எனக்கு அப்போதே தெரியும். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இந்தியில், "இவர் யார், இப்படிப் போகிறாரே?" என்று கேட்டார். நான் நாட்டையும் பெயரையும் மட்டும் சொன்னேன், தடையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அதைச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்று இன்று நினைக்கிறேன். தன் வரலாற்றைத் தானே புத்தகமாக எழுதி வைத்தவரின் பொருட்டு நான் மறைத்திருக்க வேண்டியதில்லை.

டெல்லியில் ஓட முடிந்த அவரால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊக்கமருந்துக் குற்றம் செய்தவரை வாழ்நாள் முழுவதும் ஒலிம்பிக்குக்கு அனுப்புவதில்லை என்று பிரிட்டன் ஒலிம்பிக் சங்கம் 1992 முதல் ஒரு விதி வைத்திருந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டாவது தண்டனை என்று சொல்லி, விளையாட்டுக்கான நடுவர் மன்றம் 2012 ஏப்ரல் 30 அன்று அதைச் செல்லாது என்று தீர்த்தது. அதன் பிறகே அவர் லண்டனில் ஓடினார்.


மேட்டுவழி எழுதியது:

மூவர் கருத்தையும் மதித்துப் படித்தேன். ஆனாலும் மில்லரைப் பற்றிய புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

அவர் ஒப்புக்கொண்டது அலமாரியில் ஊசிக்குழல் கிடைத்த பிறகு. அது கிடைக்காமல் போயிருந்தால், 2003 உலக சாம்பியன் என்ற பெயரோடு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போயிருப்பார். திரும்பியபின் அவர் செய்த நல்ல காரியங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவரின் கதை சுவையாக இருப்பதால் நாம் அதையே பேசுகிறோம். வெளியே போனவர்கள் யார் என்று கேட்பதில்லை.

கிறிஸ்தோஃப் பாசோன் என்ற பிரெஞ்சு வீரரைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1998இல் அணி முழுவதுமாக ஊக்கமருந்தில் சிக்கிய ஃபெஸ்டினாவில் இருந்துகொண்டே மருந்தைத் தொடாதவர் என்று சக வீரர்களாலேயே சொல்லப்பட்டவர். 1999 டூரில் ஓடிக்கொண்டே, இந்த வேகம் சந்தேகத்துக்குரியது என்று செய்தித்தாளில் எழுதினார். அந்த ஆண்டு மஞ்சள் ஜெர்சியில் இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஆல்ப் துயெஸ் நோக்கிய கட்டத்தில் அவர் அருகே வந்து, விளையாட்டை விட்டுப் போய்விடும்படி சொன்னார். ஓடுபவர் கூட்டத்தில் ஒருவரும் பாசோனோடு பேசவில்லை. சில நாட்களில் அவர் பந்தயத்திலிருந்து விலகினார்; 2001இல் தொழிலையே விட்டார். அவர் வெளியேறியது தடைக்காலத்தால் அல்ல, ஆகவே அது முடிந்து திரும்பும் நாளும் இல்லை.

2008இல் ஒலிம்பிக் தங்கமும் உலகப் பட்டமும் ஒரே ஆண்டில் வென்ற வேல்ஸ் நாட்டு வீராங்கனை நிக்கோல் குக், 2013 ஜனவரியில் ஓய்வு பெறும்போது ஒரு நீண்ட அறிக்கை வாசித்தார். ஏமாற்றியதைப் பற்றிப் புத்தகம் எழுதி அமெரிக்க வீரர் டைலர் ஹாமில்டன் சம்பாதிக்கும் பணம், தான் நேர்மையாக உழைத்த ஆண்டுகள் எல்லாவற்றிலும் சம்பாதித்ததைவிட அதிகமாக இருக்கும் என்பது அதில் அவர் சொன்ன ஒரு கருத்து. அந்த வரி இன்றும் என்னைச் சுடுகிறது.

ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற ஏற்பாட்டையும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்மேல் பிறகு வந்த ஊக்கமருந்து வழக்கில் சாட்சி சொன்ன மில்லரின் அணித்தோழர்கள் சிலருக்கு ஆறு மாதத் தடைதான் கிடைத்தது. அதுவும் 2012 செப்டம்பர் 1 முதல் 2013 மார்ச் 1 வரை. ஐரோப்பியப் பந்தய நாட்காட்டியை அறிந்தவர்களுக்குத் தெரியும், அதில் பெரும்பகுதி குளிர்காலம். பெரிய பந்தயங்கள் எதுவும் இல்லாத காலம். ஓர் அணியில் இருக்கும் இடங்கள் எண்ணி வைத்தவை. அவற்றில் ஒன்று திரும்பி வந்தவருக்குப் போகும்போது, ஒப்பந்தம் கிடைக்காமல் ஓர் இளைஞர் அந்தக் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேடுகிறார். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது.


ஏரிக்கரை எழுதியது:

மேட்டுவழி அவர்களே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாசோனைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிவித்ததற்கு நன்றி. ஆனால் உங்கள் வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால், ஒரு முறை சிக்கியவர் எவரும் திரும்பவே கூடாது என்று ஆகிறது. 24, 25 வயதில், அணியில் மூத்தவர்களும் மருத்துவரும் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்த சூழலில் தவறியவருக்கும் அதேதானா? நீள்சாலை அவர்களிடமும் கேட்கிறேன்: திரும்பியவர்களைச் சேர்க்கவே மாட்டோம் என்று சொன்ன அணிகளின் அனுபவம் என்ன?


நீள்சாலை எழுதியது:

மேட்டுவழி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மில்லர் பிடிபட்ட பிறகே பேசினார் என்பது உண்மை. பிடிபட்ட பிறகும் பேசாதவர்கள் அவரைவிடப் பலர் என்பதால்தான் அவரைத் தனியாகச் சொல்கிறேன்.

சேர்க்க மாட்டோம் என்ற அணிக்கு எடுத்துக்காட்டு பிரிட்டனின் ஸ்கை. பழைய குற்றம் உள்ள எவரையும் வைத்துக்கொள்வதில்லை என்ற கொள்கையோடு 2010இல் களம் இறங்கியது. அதை நடத்தியவர், மில்லர் பிடிபட்ட இரவில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அதே பிரெய்ல்ஸ்ஃபோர்டு. தடைக்காலத்திலும் கைவிடாமல் இருந்த நண்பரின் அணியில் மில்லருக்கு இடம் கிடையாது. ஆனால் 2012 அக்டோபரில், முன்பு ஊக்கமருந்து விவகாரத்தில் சம்பந்தப்பட்டதே இல்லை என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று அந்த அணி கேட்டபோது, பயிற்சியாளர் பாபி ஜூலிக் போன்றவர்கள் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தார்கள். உண்மை சொன்னவர் வெளியே போனார். பழைய கதை ஏதேனும் இருந்து அதைச் சொல்லாமல் கையெழுத்திட்டவர் எவராவது இருந்தால், அவர் உள்ளே இருந்திருப்பார். இந்த முறையில் எனக்கு இருக்கும் தயக்கம் அதுதான்.

நடுவழி ஒன்றும் உண்டு. 2007இல் சில அணிகள் சேர்ந்து அமைத்த நம்பகமான சைக்கிள் பந்தயத்துக்கான இயக்கத்தில், ஆறு மாதத்துக்கு மேல் தடை பெற்றவரைத் தடை முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் சேர்ப்பதில்லை என்று உறுப்பினர்கள் தாமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேட்டுவழி சொன்ன அந்தப் பெயர் தெரியாத இளைஞருக்கு அதனால் கொஞ்சமாவது இடம் கிடைக்கும்.

எல்லோரும் திருந்துவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. இத்தாலியின் ரிக்கார்டோ ரிக்கோ 2008 டூரில் சிக்கி, 20 மாதத் தடைக்குப் பிறகு 2010இல் திரும்பினார். 2011 பிப்ரவரியில், குளிர்சாதனப் பெட்டியில் 25 நாள் வைத்திருந்த தன் ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டு உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனைக்குப் போனார். அடுத்து வந்தது 12 ஆண்டுத் தடை.

மகளுக்குக் காட்ட ஒரு பதிவைச் சொல்கிறேன். 2012 டூரின் 12ஆவது கட்டம், ஜூலை 13, அனோனே அருகே முடிந்தது. 226 கிலோமீட்டர், அந்த ஆண்டு டூரிலேயே மிக நீளமானது. 1967இல் அதே தேதியில் பிரிட்டன் வீரர் டாம் சிம்சன், உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தோடு, வெயிலில், பிரான்சின் வாந்து (Ventoux) என்ற மலையில் விழுந்து இறந்தார் என்பதையும் சொல்லுங்கள்.


ஏரிக்கரை எழுதியது:

நேற்று இரவு அந்தப் பதிவைப் பார்த்தோம். பார்ப்பதற்கு முன்பே மில்லரின் கதை, பாசோனின் கதை இரண்டையும் சொல்லிவிட்டேன். நிக்கோல் குக் சொன்னதையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் முகம் மாறியது.

ஐவர் தனியாகப் பிரிந்து போகிறார்கள். கடைசி சில கிலோமீட்டரில் மில்லரும் பிரெஞ்சு வீரர் ழான்-கிறிஸ்தோஃப் பெரோவும் மட்டும் முன்னால் வருகிறார்கள். மில்லருக்கு அப்போது 35 வயது. அவர் எல்லையைத் தாண்டியதும் சைக்கிளை விட்டு இறங்கித் தார்ச்சாலையிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். நெஞ்சு ஏறி இறங்குவது கேமராவில் தெரிகிறது. சிம்சன் இறந்த நாள் என்பதை அவரும் மறக்கவில்லை என்பதையும், தான் முன்பு ஊக்கமருந்து எடுத்தவன், இப்போது சுத்தமாக ஓடுபவன் என்று வென்ற பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னதையும் படித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஜூலை 28 அன்று லண்டன் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் அவர் பிரிட்டன் அணியில் ஓடினார் என்றும், அதில் தங்கம் வென்றவர் தடை முடிந்து திரும்பியிருந்த வினோகுரோவ் என்றும் சொன்னேன். போ நகரில் மில்லரை அழவைத்த அதே வினோகுரோவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மில்லருக்குக் கைதட்டுவேன் அப்பா. வினோகுரோவுக்குத் தட்ட மாட்டேன். ஆனால் 2003இல் இரண்டாவதாக வந்த அந்த ஆஸ்திரேலியர், மேடையில் ஏறிப் பாட்டு ஒலிக்க நிற்க வேண்டிய நாளில் நிற்கவில்லை அல்லவா? அந்த நாளை அவருக்கு யார் தருவார்கள்?" என்றாள். பட்டத்தைப் பிறகு கொடுத்தார்கள் என்றேன். நாளைத்தானே கேட்டேன் என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். நாளைக் காலை அவள் வெளியே கிளம்புவதற்கு முன் டயருக்குக் காற்றடித்துக் கொடுக்கும்போது சொல்லிவிடுகிறேன்.